கட்டைவிரலால் ஒரு ஆல்பம்: வெஸ் மான்ட்கோமரியும் அந்த 44 நிமிடமும்

*ஒலி வடிவில் வந்த எபிசோட், படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.*

இன்னைக்கு ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், வேலை பார்க்கும்போது பின்னாடி ஓடுறதுக்குன்னு ஒரு ப்ளேலிஸ்ட் வெச்சிருந்தேன். பாட்டு வரி கிடையாது, சத்தம் கம்மி, எல்லாம் மென்மையான கிட்டார். உங்கள்ல பாதிப் பேர்கிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கும். கேட்குறதுக்கு இல்ல, மத்த சத்தம் கேட்காம இருக்குறதுக்கு.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிடுச்சு. வைஃபை இல்ல, லேப்டாப்ல சார்ஜ் இல்ல. போன்ல டவுன்லோட் ஆகி இருந்தது இந்த ப்ளேலிஸ்ட் மட்டும்தான். சரின்னு ஹெட்போன் மாட்டிக்கிட்டு இருட்டுல உட்கார்ந்தேன். செய்யறதுக்கு வேற ஒரு வேலையும் இல்ல. அப்போ ஒரு பாட்டு. ஒரு கிட்டார், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். நூறு தடவையாவது அது என் காதைக் கடந்து போயிருக்கும். பாதி தூரம் போனதும் ஏதோ மாறுச்சு. ரெண்டாவதா ஒரு கிட்டார் வந்து சேர்ந்துகிட்ட மாதிரி இருந்தது. பின்னாடி தள்ளி மறுபடி கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போச்சு, மூணு நாலு கிட்டார் சேர்ந்து வாசிக்கிற மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் தேடிப் பார்த்தப்போதான் தெரிஞ்சது. அந்தப் பதிவுல இருந்தது ஒரே ஒரு கிட்டார். ஒரே ஆள். அதுவும் கையில பிக் இல்லாம, வெறும் கட்டைவிரல்ல வாசிச்சிருக்கார்.

பாட்டோட பேர் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்'. வாசிச்சவர் வெஸ் மான்ட்கோமரி. ஆல்பத்தோட பேர் 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மான்ட்கோமரி'. 1960 ஜனவரி 26, 28 ஆகிய ரெண்டு நாள்ல நியூயார்க்குல பதிவான எட்டுப் பாட்டு, மொத்தம் சுமார் 44 நிமிஷம். ஜாஸ் கிட்டார் கத்துக்கிற யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சொல்ற பேர்கள்ல ஒண்ணு இது. அறுபது வருஷம் தாண்டியும் அது ஏன் அப்படி இருக்குங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். ஜாஸ் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னாலும் பரவாயில்ல. அந்த ராத்திரி எனக்கும் தெரியாது.

இருபது வயசுல தொடங்கினவர்

பெரிய இசைக் கலைஞர்கள் கதைன்னா மூணு வயசுல வாசிச்சார், ஏழு வயசுல மேடை ஏறினார்னு வரும். இது அப்படிப்பட்ட கதை இல்ல.

வெஸ் மான்ட்கோமரி 1923 மார்ச் 6ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயசுல நாலு கம்பி கிட்டார் ஒண்ணைத் தட்டிப் பார்த்திருக்கார். ஆனா ஆறு கம்பி கிட்டாரைத் தீவிரமா எடுத்தது ஏறக்குறைய இருபது வயசுல. அப்போதான் கல்யாணமும் ஆகியிருந்தது.

காரணம் சார்லி கிறிஸ்டியன். பென்னி குட்மேன் குழுவுல எலக்ட்ரிக் கிட்டார் வாசிச்சவர். அதுவரைக்கும் பெரிய ஜாஸ் குழுக்கள்ல கிட்டார்னா பின்னாடி உட்கார்ந்து தாளத்துக்குத் தட்டிக்கிட்டு இருக்குற வாத்தியம்தான். அதை சாக்ஸபோன் மாதிரி முன்னாடி வந்து பேசுற வாத்தியமா ஆக்கினதுல சார்லி கிறிஸ்டியனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1942ல, 25 வயசுலயே அவர் இறந்துட்டார்.

அவரோட ரெக்கார்டைக் கேட்ட வெஸ், போய் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கிட்டார். வாத்தியார் யாரும் கிடையாது. இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது, கடைசிவரைக்கும் தெரியாமலேதான் இருந்தார். ரெக்கார்டைப் போட்டு, சார்லி கிறிஸ்டியனோட சோலோக்களை அப்படியே காதால பிடிச்சு மனப்பாடம் பண்ணினார். அதை வெச்சே உள்ளூர் க்ளப்ல வேலையும் கிடைச்சது. ஆரம்பத்துல மனப்பாடம் பண்ணின சோலோ முடிஞ்சதும் மேடையை விட்டு இறங்கிடுவாராம். அதுக்கு மேல சரக்கு இல்ல!

சத்தம் வரக்கூடாது

இப்போ கட்டைவிரல் விஷயத்துக்கு வருவோம்.

எலக்ட்ரிக் கிட்டாரை சாதாரணமா வாசிக்கிறது பிக்னு சொல்ற சின்ன பிளாஸ்டிக் தகடால. கம்பியில பட்டதும் 'டிக்'னு ஒரு கூர்மையான சத்தம் முதல்ல வரும், அப்புறம்தான் சுரம். வேகமா, தெளிவா வாசிக்க அது வசதி.

வெஸ் பகல்ல வேலைக்குப் போறவர். பயிற்சி பண்ண நேரம் கிடைச்சது வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆம்ப்ளிஃபையரைப் போட்டு பிக்கால வாசிச்சா வீடு முழுக்கக் கேட்கும். சத்தம் தாங்கலன்னு புகார் வந்தது. சொன்னது வீட்டுக்காரம்மாவா, அக்கம்பக்கத்து ஆட்களாங்கிறதுல கதை கொஞ்சம் மாறும். பிக்கைக் கீழ வெச்சுட்டு கட்டைவிரலோட சதைப்பகுதியால கம்பியை வருடினார். சத்தம் அடங்குச்சு. அதோட அந்த 'டிக்'கும் போயிடுச்சு. மிச்சம் இருந்தது வட்டமான, கதகதப்பான ஒரு ஒலி.

பிறகு அவர் பிக்குக்குத் திரும்பவே இல்ல. மத்த விரல்களை கிட்டார் மேல ஊன்றிக்கிட்டு, கட்டைவிரலை மட்டும் பெரும்பாலும் கீழ்நோக்கி அசைச்சே எவ்வளவு வேகமான பாட்டையும் வாசிச்சார். பிக் வெச்சவங்க மேலயும் கீழயும் மாத்தி மாத்தி வாசிச்சு எடுக்குற வேகம் அது.

நானும் முயற்சி பண்ணிப் பார்த்தேன். அபார்ட்மென்ட்ல, பெட்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு மாசம். பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் புகார் சொல்லல. என் கட்டைவிரல்தான் சொல்லுச்சு.

இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. உலகத்துலயே ரொம்ப அழகான கிட்டார் ஒலிகள்ல ஒண்ணுன்னு நிறையப் பேர் சொல்ற அந்த ஒலி, பக்கத்துல இருக்குறவங்க தூக்கம் கெடக்கூடாதுங்கிற கட்டாயத்துல பிறந்தது.

பகல்ல ஆலை, ராத்திரி க்ளப்

1948லேர்ந்து 1950 வரைக்கும் வெஸ், லயனல் ஹாம்ப்டன்கிற பிரபல இசைக் குழுத் தலைவர்கூட ஊர் ஊராப் போய் வாசிச்சார். நல்ல வாய்ப்பு. ஆனா குடும்பத்தை விட்டு இருக்க முடியாம இண்டியானாபொலிஸுக்கே திரும்பிட்டார்.

அதுக்கப்புறம் கிட்டத்தட்ட பத்து வருஷம். பகல்ல ஆலை வேலை. ராத்திரி ஒரு பார்ல வாசிப்பு. அது மூடினதும், விடியற வரைக்கும் திறந்திருக்கிற 'மிசைல் ரூம்'கிற இன்னொரு க்ளப்ல வாசிப்பு. வீட்டுல ஏழு குழந்தைங்க. எப்போ தூங்கினார்னு கேட்டா, சரியான கேள்வி.

நியூயார்க்குல ஜாஸ் உலகமே கொதிச்சுக்கிட்டு இருந்த காலம் அது. 1959ல மட்டும் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்தது, டேவ் ப்ரூபெக்கோட 'டைம் அவுட்' வந்தது. அந்த நேரத்துல, அந்த மட்டத்துக்கு வாசிக்கக்கூடிய ஒரு ஆள் இண்டியானாபொலிஸ்ல ஷிஃப்ட் முடிச்சு வந்து, கொஞ்சப் பேருக்காக வாசிச்சுக்கிட்டு இருந்தார். சகோதரர்கள் மங்க், படி ரெண்டு பேரும் இசைக்காரங்க. அவங்களோட சேர்ந்து 1950களோட கடைசியில சில பதிவுகள் பண்ணியிருந்தார். ஆனா பரவலா யாருக்கும் தெரியல.

1959ல சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அந்த ஊருக்குக் கச்சேரிக்கு வந்தார். தன் நிகழ்ச்சி முடிஞ்சதும் மிசைல் ரூமுக்குப் போனார். கேட்டார். அசந்து போனார். நியூயார்க் திரும்பினதும் தன்னோட ரெக்கார்ட் கம்பெனியான ரிவர்சைடுக்குப் போய், தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸ்கிட்ட இந்த ஆளை உடனே எடுக்கணும்னு சொன்னார். அதே சமயத்துல கந்தர் ஷுல்லர்ங்கிற இசையமைப்பாளர் ஒரு ஜாஸ் பத்திரிகையில வெஸ்ஸைப் புகழ்ந்து எழுதியிருந்ததும் கீப்நியூஸ் கண்ணுல பட்டது. அவர் நேரா இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிப் போய், கேட்டு, ஒப்பந்தம் போட்டார். அந்த அக்டோபர்லயே முதல் ஆல்பம் பதிவாச்சு. மூணு மாசம் கழிச்சு வந்தது நாம பேசுற ரெண்டாவது.

அப்போ வெஸ்ஸுக்கு வயசு 36.

கூட வாசிச்ச மூணு பேரும் சாதாரண ஆட்கள் இல்ல. பியானோவுல டாமி ஃப்ளானகன். சோனி ராலின்ஸோட 'சாக்ஸபோன் கொலோசஸ்', ஜான் கோல்ட்ரேனோட 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ரெண்டுலயும் இருந்தவர். பேஸ்ல 'மாடர்ன் ஜாஸ் குவார்டெட்' குழுவோட பெர்சி ஹீத். ட்ரம்ஸ்ல அவரோட தம்பி ஆல்பர்ட் ஹீத். நாலு பேரும் ஒரே நேரத்துல சேர்ந்து வாசிச்சு எடுத்த பதிவு.

பாட்டுக்குள்ள என்ன நடக்குது?

"ஜாஸ் கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன நடக்குதுன்னே புரியல"ன்னு நிறையப் பேர் சொல்வாங்க. இந்த மாதிரி ஆல்பங்கள்ல அமைப்பு ரொம்ப எளிமை.

முதல்ல எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டு வாசிப்பாங்க. அதுக்கு அடியில ஒரு கார்ட் வரிசை ஓடும். மெட்டு முடிஞ்சதும் அந்தக் கார்ட் வரிசை மட்டும் திரும்பத் திரும்பச் சுத்திக்கிட்டே இருக்கும். அது மேல ஒவ்வொருத்தரா அந்த நிமிஷத்துல தோணுறதைப் புதுசா வாசிப்பாங்க. அதுதான் சோலோ. கடைசியில திரும்ப மெட்டு. கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகினவங்களுக்கு, ஒரு வரியை எடுத்துக்கிட்டு கல்பனாஸ்வரம் பாடிட்டுத் திரும்ப அந்த வரிக்கே வந்து சேர்றது ஞாபகம் வரலாம். விதிமுறை வேற. ஆனா 'கிளம்பிப் போய், சரியா வந்து சேர்றது'ங்கிற சுகம் ஒண்ணுதான்.

இப்போ ஒரு பிரச்சினை. சோலோ மூணு நிமிஷம் போகுதுன்னா, கேட்குறவங்களை எப்படிக் கூடவே கூட்டிட்டுப் போறது? பெரும்பாலும் இசையில நாம பரபரப்பை ஏத்துறது ரெண்டு வழியில. சத்தத்தைக் கூட்டு, இல்லைன்னா வேகத்தைக் கூட்டு. வெஸ்ஸோட கட்டைவிரலுக்கு ரொம்பச் சத்தமா வாசிக்கிறது சுபாவம் இல்ல. அவர் மூணாவதா ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒலியை அடர்த்தியாக்கினார்.

மூணு மாடி

அவரோட நல்ல சோலோக்களை மூணு மாடிக் கட்டடம்னு நினைச்சுக்கலாம்.

முதல் மாடி, ஒத்தை சுரம். ஒரு நேரத்துல ஒரு கம்பி. ஒருத்தர் பாடுற மாதிரி வரிவரியாப் போகும். நடுவுல மூச்சு விடுற இடைவெளி இருக்கும். அவசரமே இருக்காது. ஒரு யோசனையைச் சொல்லுவார், அதையே கொஞ்சம் மாத்தித் திரும்பச் சொல்லுவார், அதுக்குப் பதில் சொல்லுவார்.

ரெண்டாவது மாடி, ஆக்டேவ். 'ச'வும் மேல் 'ச'வும் ஒரே சுரம்தான், உயரம் மட்டும் வேற இல்லையா? அந்த மாதிரி ஒரு சுரத்தையும் அதோட மேல் சுரத்தையும் ஒரே நேரத்துல வாசிக்கிறது ஆக்டேவ். கிட்டார்ல அந்த ரெண்டும் அடுத்தடுத்த கம்பியில கிடைக்காது. நடுவுல ஒரு கம்பியைத் தாண்டி விரல் வைக்கணும். அந்த நடுக் கம்பி ஒலிச்சா எல்லாம் கெட்டுடும். அதனால இடது கையோட ஆள்காட்டி விரல் கீழ் சுரத்தை அழுத்திக்கிட்டே, நடுக் கம்பி ஒலிக்காதபடி லேசா அது மேல சாஞ்சும் இருக்கணும். இந்தப் பிடியை அப்படியே வெச்சுக்கிட்டு கையைக் கிட்டார் முழுக்க ஓட்டணும். மெதுவாச் செய்யறதே கஷ்டம். வெஸ் இதுல முழு சோலோவே வாசிப்பார், மத்தவங்க ஒத்தை சுரத்துல போற வேகத்துல.

ஆக்டேவை அவர்தான் கண்டுபிடிச்சார்னு சொல்ல முடியாது. ஜாங்கோ ரைன்ஹார்ட் மாதிரி ஆட்கள் முன்னாடியே வாசிச்சிருக்காங்க. அங்கங்க தூவுற அலங்காரமா இருந்த ஒண்ணை, முழுசாப் பேசுற மொழியா ஆக்கினது வெஸ்.

மூணாவது மாடி, கார்ட். மேல மெட்டு நகரும். அதோட ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில முழுக் கார்ட் ஒண்ணு சேர்ந்தே நகரும். ஒரு பிக் பேண்ட்ல சாக்ஸபோன்காரங்க எல்லாரும் ஒரே மூச்சுல வாசிக்கிற மாதிரி. இடது கை ஒவ்வொரு சுரத்துக்கும் புதுப் பிடி பிடிக்கணும், அதுவும் யோசிக்க நேரம் இல்லாம.

அந்த இருட்டு ராத்திரியில எனக்கு ரெண்டாவது கிட்டாராக் கேட்டது ரெண்டாவது மாடி. மூணு நாலு கிட்டாராக் கேட்டது மூணாவது மாடி. பெரிசா சத்தம் ஏறல, வேகம் மாறல. ஒரு குரல் ரெண்டாச்சு, ரெண்டு ஒரு கூட்டமாச்சு. ஆனா அந்தக் கூட்டத்துல யாரும் கத்தல. கட்டைவிரலோட மென்மை கடைசிவரைக்கும் அப்படியே இருந்தது.

இந்த ஆல்பம் இன்னும் இழுக்குறதுக்கு முதல் காரணம் இதுதான்னு நினைக்கிறேன். நமக்கு இசை இலக்கணம் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. ஒண்ணு, ரெண்டு, நிறையன்னு எண்ணத் தெரிஞ்சாப் போதும். சோலோ எங்க போகுதுன்னு காதே சொல்லிடும்.

எட்டுப் பாட்டு, எங்க தொடங்கலாம்?

எட்டுல நாலு வெஸ்ஸோட சொந்த மெட்டு. மீதி நாலு மத்தவங்களோடது.

தொடக்கம் 'ஐரெஜின்'. சோனி ராலின்ஸ் எழுதினது. புரியாத பேரா இருக்கேன்னு பார்த்தா, ஆங்கிலத்துல 'நைஜீரியா'ங்கிற பேரைக் கடைசி எழுத்திலேர்ந்து திருப்பி எழுதினது. எடுத்த எடுப்புலயே வேகம். கட்டைவிரல்ல என்ன பெரிசா முடியும்னு யாராவது கேட்டா, முதல் பாட்டே பதில்.

புதுசாக் கேட்குறவங்க இதுல தொடங்க வேண்டாம். 'டி-நேச்சுரல் ப்ளூஸ்'ல தொடங்குங்க. நிதானமான நடை. பெர்சி ஹீத்தோட பேஸ் பக்கத்துல நடந்து வர்ற மாதிரி இருக்கும். முதல் தடவை கிட்டாரை விட்டுட்டு அந்த பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க.

அடுத்து 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்'. ப்ளூஸ்னா பொதுவா நாலு நாலா எண்ணுவாங்க. இது மூணு மூணா, வால்ட்ஸ் மாதிரி ஆடிக்கிட்டே போகும். ஒண்ணு-ரெண்டு-மூணுன்னு தொடையில தட்டிக்கிட்டே கேளுங்க. மூணு மாடியும் வரிசையா ஏறுறது தெளிவாத் தெரியிற பாட்டு இது.

'ஃபோர் ஆன் சிக்ஸ்' அவரோட இன்னொரு மெட்டு. தொடக்கத்துல பேஸ்ல வர்ற அந்த வாக்கியம் ஒரு தடவை கேட்டா மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கும். அடியில ஓடுற கார்ட் வரிசை, ஜார்ஜ் கெர்ஷ்வினோட 'சம்மர்டைம்' பாட்டிலேர்ந்து உருவானது. தெரிஞ்ச வீட்டுல சுவரை மாத்திக் கட்டின மாதிரி. இதுவும் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்'ஸும் இன்னைக்கு உலகம் முழுக்க ஜாஸ் மாணவர்கள் கத்துக்கிற பாட்டுகள்.

மெதுவானது வேணும்னா 'போல்கா டாட்ஸ் அண்ட் மூன்பீம்ஸ்'. 1940ல வந்த காதல் பாட்டு. வேகம் காட்ட இடமே இல்லாத மெட்டு, அதனால ஒலி எவ்வளவு அழகுங்கிறது மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும். 'இன் யுவர் ஓன் ஸ்வீட் வே' டேவ் ப்ரூபெக்கோடது. 'மிஸ்டர் வாக்கர்' கொஞ்சம் லத்தீன் அமெரிக்கத் தாளத்துல போகும். கடைசி 'கான் வித் தி விண்ட்', அதே பேர் கொண்ட புகழ்பெற்ற திரைப்படத்துக்கு முன்னாடியே, 1937ல வந்த பாட்டு. மூணு மாடியை இன்னொரு தடவை, இன்னும் சாவகாசமா ஏறிப் பார்க்க இது நல்ல இடம்.

ஒவ்வொரு பாட்டுலயும் டாமி ஃப்ளானகனைக் கவனிங்க. வெஸ் பேசும்போது அவர் குறுக்க வர மாட்டார். இடைவெளி விழுற இடத்துல ரெண்டு கார்ட் வெச்சுட்டு ஒதுங்கிடுவார். நல்ல நண்பர் 'ம்' கொட்டுற மாதிரி.

அப்புறம் என்ன ஆச்சு?

ஆல்பம் வெளிவந்ததும் வெஸ் பேர் பரவுச்சு. ஜாஸ் உலகம் அவரைக் கொண்டாடுச்சு. ஆனா கொண்டாட்டத்தால மட்டும் ஏழு குழந்தைங்க இருக்குற வீடு ஓடாது. ரிவர்சைடு கம்பெனியும் 1964ல திவாலாயிடுச்சு.

வெஸ் வெர்வ் கம்பெனிக்குப் போனார். அங்க தயாரிப்பாளர் க்ரீட் டெய்லர், வெஸ்ஸோட ஆக்டேவ் ஒலியை எடுத்து, வயலின்களும் பெரிய இசைக்குழுவும் சூழ வெச்சு, அப்போதைய ஹிட் பாட்டுகளை வாசிக்க வெச்சார். 'கோயின் அவுட் ஆஃப் மை ஹெட்' கிராமி விருது வாங்குச்சு. 1967ல ஏ அண்ட் எம் கம்பெனிக்காக வாசிச்ச 'எ டே இன் தி லைஃப்', பீட்டில்ஸ் பாட்டு ஒண்ணோட பேரைக் கொண்டது, அந்த வருஷத்துல நல்லா வித்த ஜாஸ் ஆல்பங்கள்ல முன்னணியில இருந்தது. ரேடியோவுல வெஸ் ஒலிச்சார். பணம் வந்தது.

விமர்சகர்கள் பலர் கோபப்பட்டாங்க. அந்த ஆல்பங்கள்ல பெரும்பாலும் முதல் மாடி இல்ல, மூணாவது மாடியும் இல்ல. ரெண்டாவது மாடியில நின்னுக்கிட்டு மெட்டை அழகா வாசிச்சுட்டுப் போறதுதான். வெஸ்ஸும் அதை மறைக்கல. நான் இப்போ வாசிக்கிறது ஜனரஞ்சக இசை, அதை அப்படித்தான் பார்க்கணும்ங்கிற மாதிரிப் பேசினவர்.

இதுல யார் பக்கம் நிக்கிறதுன்னு எனக்கு ரொம்ப நாள் குழப்பம். இப்போ எனக்கு அவரைத் திட்ட மனசு வரல. இருபது வயசுலேர்ந்து முப்பத்தாறு வரைக்கும் தூக்கத்தை வித்து வாசிச்ச மனுஷன். பிள்ளைங்களுக்கு ஒரு வழி பண்ண வாய்ப்பு வந்தப்போ எடுத்துக்கிட்டார். அதே காலத்துலயும் மேடையில முழு பலத்தோட வாசிச்சார்னு தெரிஞ்சுக்க, 1965ல பதிவான 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' இருக்கு. இந்த ஆல்பம் பிடிச்சா அடுத்து அதுக்குப் போங்க.

ஆனா ஒரு இழப்பு இருந்தது, அதையும் சொல்லணும். 1968 ஜூன் 15ஆம் தேதி, இண்டியானாபொலிஸ்ல மாரடைப்பால வெஸ் இறந்துட்டார். வயசு 45. உலகம் அவரைக் கண்டுக்கிட்ட பிறகு கிடைச்சது ஒன்பது வருஷம்கூட முழுசா இல்ல. அந்தக் கொஞ்ச காலத்துல நாலு பேர் மட்டும் சேர்ந்து, யாருக்காகவும் எதையும் குறைச்சுக்காம வாசிச்ச பதிவுகளைத் தேடினா, முதல் வரிசையில நிக்கிறது 1960ஆம் வருஷத்து இந்த 44 நிமிஷம்.

பின்னணியிலேர்ந்து முன்னாடி

ஜார்ஜ் பென்சன், பேட் மார்டினோ, பேட் மெத்தினின்னு அடுத்து வந்த பெரிய கிட்டார் கலைஞர்கள் பலர் வெஸ்கிட்டேர்ந்து கத்துக்கிட்டவங்க. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள்னு வெச்சிருக்குற தேசியப் பட்டியல்லயும் இந்த ஆல்பம் இருக்கு. மரியாதைக்குக் குறைவில்ல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. வெஸ்ஸோட ஒலி மென்மையானது. அதனாலதான் நமக்குப் பிடிக்குது. அதே மென்மையாலதான் அதை எளிசாப் பின்னணிக்குத் தள்ளிட முடியுது. காபி கடையில, லிஃப்ட்ல, 'ஃபோகஸ் மியூசிக்'னு பேர் வெச்ச ப்ளேலிஸ்ட்ல. அவரோட கடைசிக் கால ஆல்பங்களோட ஒலி அந்த வழியைக் கொஞ்சம் திறந்தும் விட்டுச்சு. கத்துற இசையை நாம கவனிக்காம இருக்க முடியாது. மெதுவாப் பேசுற இசைக்கு நாமதான் காது கொடுக்கணும்.

யாரும் எழுந்துக்கக்கூடாதுன்னு மெதுவா வாசிச்ச ஒருத்தர், ஒத்தை சுரத்துல தொடங்கி ஒரு கூட்டத்தையே கூப்பிட்டு வர்றார். அது நடக்குற நேரத்துல நான் ஈமெயிலுக்குப் பதில் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன், ரெண்டு வருஷமா. கரண்ட் போகலைன்னா இன்னும் எழுதிக்கிட்டே இருந்திருப்பேன்.

அதனால இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்'. ஏழரை நிமிஷம்கூட இல்ல. போனைக் கவுத்து வெச்சுடுங்க. லைட்டை அணைச்சாலும் நல்லது. ஒத்தை சுரம் இரட்டை ஆகுற இடத்தை மட்டும் பிடிங்க. பிடிச்ச அந்த நொடியில என்ன தோணுச்சுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். அதுவரைக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க தூங்கட்டும். நாம கேட்போம்.